குளிர்காலத்தில் மட்டக்குதிரையும் வாத்தும்: வட இங்கிலாந்துக் குடியானவரின் தினசரி ஏற்பாடுகள்

கால்நடை வளர்க்கும் குடியானவருக்கு எந்தத் தேசத்திலும் வருஷத்தில் ஒரு கடினமான பருவம் உண்டு. தமிழ் நாட்டில் அது கோடை. மேய்ச்சல் கருகி, ஏரி வற்றி, வைக்கோற்போரும் கரைந்துபோகும் காலம் அது. வட இங்கிலாந்தில் அப்பருவம் குளிர்காலமாகும். அங்கே நிலம் கல்லைப்போல் இறுகும். குட்டை நீர் மேலே பனிக்கட்டியாகும். மழைக்குப் பதிலாக வெண்பனி பஞ்சுபோல் விழுந்து, புல்லை முழங்கால் ஆழத்துக்கு மூடிவிடும். அக்காலத்தில் பிராணிகளைக் கொல்வது குளிரே என்று தூரத்திலுள்ளவர்கள் எண்ணுவது இயல்பு. உண்மை அவ்வாறன்று. பசி, தாகம், ஈரம் ஆகிய மூன்றுமே பெரும்பாலும் சேதத்தை விளைவிக்கின்றன. குளிரைத் தடுக்க மனிதனால் ஆகாது. இம்மூன்றையும் தடுக்க ஆகும். அங்குள்ள சிறு குடியானவர் அதை எவ்வாறு செய்கின்றனர் என்பதைக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் அறிந்துகொள்வது பயன் தரும்.

பிரதேசமும் பிராணிகளும்

கம்பர்லாந்து, வெஸ்ட்மோர்லாந்து என்பவை வட இங்கிலாந்தின் மலைநாடுகள். 1974-ஆம் வருஷத்தில் இவை ஒன்றுசேர்க்கப்பட்டுக் கம்பிரியா என்று பெயர் பெற்றன. மலைச்சரிவுகளை அந்நாட்டார் ‘ஃபெல்’ என்பர். அச்சரிவுகளிலுள்ள பொது மேய்ச்சலில் வளரும் குதிரை, ஃபெல் மட்டக்குதிரை எனப்படும். அதன் உயரம் 14 கைக்கு, அதாவது 56 அங்குலத்துக்கு, மேற்படுவதில்லை. முற்காலத்தில் கம்பளி, ஈயக் கனிப்பொருள் முதலிய பொதிகளைச் சுமந்து மலைப்பாதைகளில் சென்ற இனம் இது. இதனைக் காப்பதற்கென்று 1922-ல் ஒரு சங்கம் ஏற்பட்டது.

அப்பிரதேசத்து வாத்துகளைப்பற்றி ஒரு விசேஷம் கூறவேண்டும். நிமிர்ந்து நடக்கும் ‘இந்தியன் ரன்னர்’ என்னும் இனம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கம்பர்லாந்தில் வளர்க்கப்பட்டது. பெயரில் இந்தியா இருப்பினும், அதன் பூர்விகம் ஜாவா முதலிய கிழக்குத் தீவுகளே. அந்த இனத்தை வேறு இனங்களோடு கலந்து, குளஸ்டர்ஷயரில் ஊலி என்னும் கிராமத்திலிருந்த அடெல் காம்பெல் அம்மையார் உண்டாக்கியதே ‘காக்கி காம்பெல்’ வாத்து. நன்கு பேணப்பட்டால் வருஷத்துக்கு 300 முட்டை வரையில் இடும் இந்த வாத்து, பின்னர் தமிழ் நாட்டு வாத்துப் பண்ணைகளுக்கும் வந்து சேர்ந்தது.

காலை வேலை

டிசம்பர் மாதத்தில் அங்கே சூரியன் காலை எட்டரை மணி அளவில் உதித்துப் பிற்பகல் நான்கு மணிக்குள் மறைந்துவிடும். ஆகையால் முதல் வேலை விளக்கு வெளிச்சத்திலேயே நடைபெறும். குடியானவர் முதலில் எடுத்துச் செல்வது உலர்புல்லாகும். கோடையில் புல்லை அறுத்து, வெயிலில் புரட்டி உலர்த்திச் சேமித்து வைப்பதே உலர்புல். பிராணியின் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு வீதம் அதற்கு நாள்தோறும் வேண்டும். 750 ராத்தல் எடையுள்ள மட்டக்குதிரைக்கு இது 15 ராத்தலாகும். நவம்பர் முதல் ஏப்ரல் வரையுள்ள 180 நாட்களுக்குக் கணக்கிட்டால் 2,700 ராத்தல், அதாவது ஒன்றேகால் டன்னுக்குச் சற்றுக் குறைவு, ஆகிறது. இக்கணக்கைக் கோடையிலேயே போட்டுப் பார்க்காதவர் பிப்ரவரியில் வருந்த நேரிடும்.

தானியத்தைக் கொடுத்தால் போதாதா என்று சிலர் கேட்கலாம். நார்ச்சத்துள்ள புல், குதிரையின் பெருங்குடலில் நெடுநேரம் புளித்துச் சீரணமாகிறது. அப்போது உண்டாகும் உஷ்ணமே உள்ளிருந்து எரியும் அடுப்பைப்போல் உடலைக் காக்கிறது. ஓட்ஸ் முதலிய தானியத்தால் அவ்வளவு உஷ்ணம் பிறப்பதில்லை. அன்றியும், தானியம் மிகுந்தால் குளம்பினுள் வீக்கம் கண்டு மட்டக்குதிரை முடமாகும். ஆகையால் குளிர் அதிகரிக்கும்போது உலர்புல்லையே அதிகரிக்க வேண்டும்.

தீனி வைப்பதிலும் ஒரு முறை உண்டு. ஐந்து குதிரைகள் இருந்தால் ஆறு குவியலாக, தூரதூரமாகப் புல்லை வைப்பர். வலியது எளியதைத் துரத்தினாலும், துரத்தப்பட்டதற்கு வேறொரு குவியல் மிச்சமிருக்கும்.

தண்ணீர்

அடுத்த வேலை தண்ணீர். இதுவே அசட்டையால் மிகுதியும் கெடுவது. மட்டக்குதிரை ஒன்று நாளொன்றுக்கு ஐந்து காலனும் அதற்கு மேலும் குடிக்கும். உலர்ந்த தீனியைத் தின்னும்போது நீர் குறைந்தால், குடலில் தீனி கட்டிக்கொண்டு கொடிய வயிற்றுவலி உண்டாகும். பல குதிரைகள் அதனால் மடிவதுண்டு. வெண்பனியைத் தின்று தாகம் தீர்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுவது தவறு. ஒரு படி நீர் வேண்டுமானால் ஏறக்குறையப் பத்துப் படி வெண்பனியைத் தின்னவேண்டும். அதை உருக்குவதற்குத் தன் உடலின் உஷ்ணத்தையே செலவிடவேண்டும்.

ஆகவே தொட்டியில் மூடிய பனிக்கட்டியை நாளொன்றுக்கு இருமுறையோ மும்முறையோ உடைப்பர். உடைத்த துண்டுகளை வெளியே எடுத்து எறிவதும் அவசியம். நீரிலேயே விட்டால் அவை விரைவில் ஒட்டிக்கொள்ளும். அடுப்பில் காய்ந்த நீரைக் கலந்து வெதுவெதுப்பாக ஒரு வாளி வைத்தால், பிராணி அதனை விரும்பி அதிகமாகக் குடிக்கும்.

ரோமமும் குளம்பும்

ஃபெல் மட்டக்குதிரைக்கு இலையுதிர் காலத்திலேயே இரட்டை ரோமம் வளர்கிறது. உள்ரோமம் மெத்தென்றிருந்து உஷ்ணத்தைக் காக்கும். வெளிரோமம் மழைநீரை வடியச் செய்யும். அதன் முதுகில் விழுந்த வெண்பனி உருகாமல் கிடப்பதைக் கண்டு புதியவர் திடுக்கிடுவர். உடலின் உஷ்ணம் வெளியே கசியவில்லை என்பதற்கு அதுவே அடையாளம். ஆனால் மழையும் காற்றும் சேர்ந்து வந்து ரோமம் தோல்வரை நனைந்துவிட்டால், உறையாத குளிரிலும் குதிரை நடுங்கும். ஆகையால் காற்றுக்கு மறைவாக ஒரு கற்சுவரோ கூரையோ இருந்தால் போதும். ரோமத்திலுள்ள எண்ணெய்ப் பசை போகும்படி தேய்ப்பதும் கழுவுவதும் கூடாது. சன்னல்களை அடைத்த லாயத்தில் பூட்டிவைப்பதும் நன்றன்று. மூத்திர நெடியாலும் தூசியாலும் இருமல் காணும்.

அடர்ந்த ரோமத்துக்கு ஒரு தீமையும் உண்டு. உள்ளே எலும்பும் தோலுமாக இளைத்தாலும், வெளியே பார்ப்பவர்க்குக் குதிரை கொழுத்ததாகவே தோன்றும். அனுபவசாலிகள் கண்ணை நம்புவதில்லை. வாரந்தோறும் விலாவின்மேல் கையை வைத்து அழுத்திப் பார்ப்பர். சினையாயுள்ள குதிரைக்கு இது மிகமிக அவசியம். பதினொரு மாதம் சுமந்து வசந்த காலத்தில் அது குட்டி போடுவதால், குளிர்காலத்து இளைப்பு தாய், குட்டி இரண்டையும் பாதிக்கும்.

வெண்பனியில் நடக்கும் குதிரையின் குளம்புக்குழியில் பனி திரண்டு உருண்டையாக இறுகும். அதன்மேல் நடக்கும் குதிரை கால் பிசகி விழும். அதனைக் கொக்கியால் சுரண்டி எடுத்து, குளம்பின் அடியில் கொழுப்பைத் தடவுவர்.

வாத்துகளின் பராமரிப்பு

வாத்துகள் குளிரை நன்கு தாங்கும். வாலின் மேற்புறத்திலுள்ள எண்ணெய்ச் சுரப்பியை அலகால் தொட்டு இறகில் தடவிக்கொள்வதால் நீர் உட்புகாது. காலுக்குச் செல்லும் சூடான இரத்தக் குழாய்களும், திரும்பி வரும் குளிர்ந்த இரத்தக் குழாய்களும் அடுத்தடுத்து அமைந்திருப்பதால், உடலின் உஷ்ணம் பாதத்தின் வழியாக வீணாவதில்லை. ஆயினும் ஈரமான படுக்கையை அவை தாங்கமாட்டா. ஆகையால் கூட்டில் தடிப்பாக வைக்கோலைப் பரப்பி, நனைந்ததன்மேல் நாள்தோறும் புது வைக்கோலைத் தூவுவர். கூரைக்கருகே காற்றுவழி விட்டு, தரைமட்டத்தில் காற்றுப் புகாதபடி அடைப்பர்.

வாத்துகள் பெரும்பாலும் விடியுமுன் முட்டையிடும். ஆதலால் காலை ஒன்பது மணிக்குமேல் திறந்துவிடுவதே வழக்கம். முட்டைகளை உடனே எடுக்காவிடில் அவை உறைந்து வெடித்துப்போகும். நீந்துவதற்குக் குட்டை இல்லாவிடினும், தலை முழுவதும் அமிழும் ஆழத்துக்கு நீர் வேண்டும். இல்லையேல் கண்ணிலும் மூக்கிலும் அழுக்கு அடைந்து நோய் காணும். காலையில் பிசைந்த தீனியை, உறையுமுன் தின்று முடிக்கும் அளவே வைப்பர். மாலையில் முழுக் கோதுமை கொடுப்பர். குட்டை உறைந்த நாட்களில் வாத்துகளை அதனருகே விடுவதில்லை. நீர் சூழ்ந்த இடம் வாத்துக்கு அரண். உறைந்த குட்டையோ நரிக்குப் பாலம். அந்தி சாயுமுன் எண்ணிக் கூட்டில் அடைப்பது தவறாத கடமை.

பகற்பொழுது குறைவதால் முட்டையும் குறையும். அதனை நோயென்று கருதிக் குடியானவர் கலங்குவதில்லை. அண்மைக் காலத்தில் காட்டுப் பறவைகளால் பரவும் பறவைக் காய்ச்சல் காரணமாக, 2021, 2022 முதலிய வருஷங்களின் குளிர்காலங்களில் வாத்துகளை உள்ளேயே வைத்திருக்க வேண்டுமென்று அந்நாட்டுச் சர்க்கார் உத்தரவிட்டனர். அத்தகைய நாட்களில் படுக்கையை உலர வைக்கும் வேலை இரட்டிப்பாகும்.

1947-ஆம் வருஷத்துப் படிப்பினை

மேற்கூறியவை சாதாரணக் குளிர்காலத்துக்குப் போதுமானவை. 1947-ல் வந்தது சாதாரணக் குளிர்காலமன்று. ஜனவரி 22 முதல் மார்ச் 17 வரையில் பிரிட்டனில் எங்கேனும் ஓரிடத்தில் வெண்பனி விழாத நாளே இல்லை. சாலைகளும் இருப்புப் பாதைகளும் அடைபட்டன. மலைச்சரிவுகளில் ஆடுகள் பனிக்குவியலில் புதைந்தும், பசியால் வாடியும் இலட்சக்கணக்கில் மடிந்தன. யுத்தம் முடிந்தும் கால்நடைத் தீனிக்கு ரேஷன் நீங்கவில்லை. முந்தின வருஷத்து அறுவடைக் காலமும் மழையால் கெட்டிருந்தது. மார்ச்சில் பனி உருகவே, பெருவெள்ளமும் வந்தது.

வழி அடைபட்டபின் கையில் பணமிருந்தும் பயனில்லை. களஞ்சியத்தில் இருந்ததே தீனி. கோடையில் அறுத்துச் சேர்த்த ஒரு கட்டுப் புல்லுக்கு, அந்நாட்களில் ஓர் உயிரின் மதிப்பு இருந்தது.

இத்தகைய முன்னேற்பாட்டைத் தனித்தனியே செய்வது சிறு குடியானவருக்கு அரிது. அதே கம்பர்லாந்தில் அஸ்பேட்ரியா என்னும் ஊரில் 1870-ஆம் வருஷத்திலேயே ஒரு விவசாயக் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. எரு, விதை, தீனி ஆகியவற்றைக் கலப்படமின்றி மொத்தமாக வாங்கி அங்கத்தினருக்கு வழங்குவது அதன் வேலையாயிருந்தது. தனியொருவர் கேட்டால் கிடைக்காத தரமும் விலையும், பலர் சேர்ந்து கேட்டபோது கிடைத்தன.

கவனிக்க வேண்டியவை

1. கெட்ட பருவத்துக்கு எத்தனை நாள், தலைக்கு எத்தனை ராத்தல் தீனி என்பதை நல்ல பருவத்திலேயே கணக்கிடவேண்டும்.

2. தீனியைக் காட்டிலும் தண்ணீரை முதலாகக் கவனிக்கவேண்டும்.

3. படுக்கை உலர்ந்திருக்கவேண்டும், காற்றும் உலாவவேண்டும்.

4. பிராணியின் உடல் நிலையைக் கண்ணால் மட்டுமன்றிக் கையாலும் சோதிக்கவேண்டும்.

5. தீனி வாங்குதலையும் சேமித்தலையும் சங்கத்தின் மூலம், விலை குறைந்த காலத்தில் செய்யவேண்டும்.

தமிழ் நாட்டில் வெண்பனி விழுவதில்லை. ஆனால் சித்திரையில் வற்றிய குட்டையும், தையில் உறைந்த குட்டையும் தாகங்கொண்ட பிராணிக்கு ஒன்றே. அறுவடை முடிந்து வைக்கோல் மலிந்திருக்கும் நாளிலேயே சங்கத்துப் பஞ்சாயத்தார் கூடி, கோடைத் தீனியின் கணக்கைப் போடுவார்களாக.