வீலிங் பசங்களை போலீஸ் அடிக்கலாமா? சட்டம் என்ன சொல்கிறது?

2023 தீபாவளி. திருச்சியில் பைக்கில் பட்டாசைக் கட்டி, கொளுத்திவிட்டு வீலிங் செய்தார்கள் சில இளைஞர்கள். வீடியோ வைரலானது, போலீஸ் கைது செய்தது.

பட்டாசு ஊரான சிவகாசியில் இப்படி நடந்தால், ‘நாலு போடு போட்டாத்தான் திருந்துவானுங்க’ என்பார்கள். கோபம் நியாயம்தான். ஆனால் கைது செய்யும்போது, எதிர்த்தாலோ தப்ப முயன்றாலோ மட்டுமே, அதுவும் தேவையான அளவுக்கே போலீஸ் பலத்தைப் பயன்படுத்தலாம். தண்டனையாக லத்தி கிடையாது. சாலையில் ரேஸ் விட்டால் 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஓட்டியவர் 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோருக்கே 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம்.

அதே திருச்சி, 2018 மார்ச் 7. துவாக்குடியில் ஹெல்மெட் சோதனையில் நிற்காமல் போன தம்பதியை இன்ஸ்பெக்டர் விரட்டிப்போய் பைக்கை எட்டி உதைத்ததாகப் புகார். பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி இறந்தார். இன்ஸ்பெக்டர் கைதானார். ஹெல்மெட் போடாததற்கு அன்றைய அபராதம் 100 ரூபாய்.