பழைய புல்லட்டை ‘ட்ரையல்ஸ்’ ஆக்கலாமா? விண்டேஜ் பைக் வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

1960-களில் தயாரான புல்லட் ஒன்று துருப்பிடித்த டேங்கோடு விற்பனைக்கு வருகிறது. கொஞ்ச நாளில் அதே வண்டி மேலே தூக்கிய சைலன்சர், ஒற்றை சீட், முள் டயர் சகிதம் ‘விண்டேஜ் ட்ரையல்ஸ்’ என்ற பெயரில் ரீல்ஸில் ஓடுகிறது. லைக்ஸ் குவிகிறது. ஆனால், சீட்டுக்காக பிரேமின் பின்பகுதியை வெட்டியதும் அந்த வண்டி சட்டப்படி ‘விண்டேஜ்’ என்ற தகுதியையே இழந்திருக்கலாம். எப்படி?

ட்ரையல்ஸ் என்றால் என்ன?

இது வேகப் போட்டி கிடையாது. பாறை, ஓடை, சேறு நிறைந்த பாதையில் கால் தரையில் படாமல் வண்டியை ஓட்டிக் கடக்க வேண்டும். கால் ஊன்றினால் புள்ளி போகும். அதனால் இந்த வண்டிகளுக்கு எடை குறைவு, தரையிலிருந்து உயரம் அதிகம், கியர் மெதுவாக ஊர்ந்து போகத் தோதானது. கல்லில் இடிக்காமல் இருக்கத்தான் சைலன்சர் மேலே ஏறியது, அழகுக்காக அல்ல.

இதன் சகோதரப் போட்டி ‘ஸ்க்ராம்பிள்’. அது கரடுமுரடான தரையில் நடக்கும் முழு வேகப் பந்தயம். இன்றைய மோட்டோகிராஸின் தாய். ஏரியல், மேட்ச்லெஸ், ஏ.ஜே.எஸ்., பி.எஸ்.ஏ., கிரீவ்ஸ் என பிரிட்டிஷ் கம்பெனிகள் இரண்டிலும் கொடிகட்டிப் பறந்தன. பி.எஸ்.ஏ. வண்டியில் ஜெஃப் ஸ்மித் 1964, 1965 என அடுத்தடுத்து இரு ஆண்டுகள் 500 சிசி மோட்டோகிராஸ் உலக சாம்பியன் ஆனார். ஆனால் அதே 1965-ல், ட்ரையல்ஸ் ஜாம்பவான் சாமி மில்லர் தன் ஏரியலை விட்டு, ஸ்பெயினின் எடை குறைந்த புல்டாகோவுக்கு மாறினார். பிரிட்டிஷ் காலம் முடிவுக்கு வருகிறது என்பதற்கு அதுவே அறிகுறி.

சரி, சென்னைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நேரடி சம்பந்தம் இருக்கிறது. ராயல் என்ஃபீல்டு புல்லட்டின் பின்பக்க ‘ஸ்விங்கிங் ஆர்ம்’ சஸ்பென்ஷன் முதலில் பொதுவெளியில் களமிறங்கியதே 1948-ல், இங்கிலாந்தின் ட்ரையல்ஸ் போட்டியில்தான். பின்சக்கரத்துக்கு ஸ்பிரிங் வைத்தால் பிடிமானம் போய்விடும் என்று பலர் நம்பிய காலம் அது. அதே ஆண்டு இத்தாலியில் நடந்த சர்வதேச ஆறு நாள் போட்டியில் புல்லட் ஓட்டியவர்கள் தங்கப் பதக்கம் வாங்கினார்கள். ஜானி பிரிட்டன் 1952-லும் 1957-லும் ஸ்காட்லாந்து ஆறு நாள் ட்ரையல்ஸை ராயல் என்ஃபீல்டில் வென்றார்.

அந்த புல்லட்தான் இந்திய ராணுவத்தின் தேவைக்காக மெட்ராஸ் வந்தது. 1955-ல் இங்கிலாந்துக் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கைகோத்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. முதலில் உதிரிபாகங்களாக வந்ததைப் பூட்டிக் கொடுத்த திருவொற்றியூர் ஆலை, படிப்படியாக முழு வண்டியையும் இங்கேயே தயாரித்தது. இங்கிலாந்தில் புல்லட் நின்றுபோன பிறகும் அந்த அடிப்படை வடிவமைப்பு இங்கே பல பத்தாண்டு ஓடியது.

ஆகவே ஆவடி, வெள்ளானூர், பூந்தமல்லி பக்கம் ஒரு வீட்டு ஷெட்டில் சாக்கு மூடிக் கிடக்கும் பழைய புல்லட், போட்டிகளில் தேறிய அந்தப் பரம்பரையின் வாரிசு. ஆனால் வாரிசு வேறு, போட்டி வண்டி வேறு. விற்பவர் ‘ஒரிஜினல் ட்ரையல்ஸ்’ என்று சொன்னால், ஆதாரம் கேட்பது உங்கள் உரிமை.

போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

பிரிட்டனிலேயே சாதாரண வண்டியில் போட்டி பாகங்களை மாட்டி அதிக விலைக்கு விற்பது பழைய கதை. அதனால் அங்கே வாங்குபவர்கள் பளபளப்பைப் பார்ப்பதற்கு முன் எண்ணைப் பார்க்கிறார்கள். பி.எஸ்.ஏ., ட்ரையம்ப் போன்ற ஆலைகளின் பழைய பதிவேடுகள் அங்குள்ள விண்டேஜ் மோட்டார் சைக்கிள் கிளப்பிடம் உள்ளன. இன்ஜின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் ஒரே வண்டியாக ஆலையை விட்டு வெளியே போனதா என்று அதில் சரிபார்க்கலாம்.

இங்கே செய்ய வேண்டியவை:

* ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ், இன்ஜின் எண்கள் வண்டியில் பொறித்த எண்களோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும்.
* எண் இருக்கும் இடத்தில் அரம் ராவிய தடம், புது வெல்டிங், தடித்த பெயின்ட் இருந்தால் உஷார்.
* ‘ஆர்.சி. தொலஞ்சு போச்சு, அப்புறம் எடுத்துக்கலாம்’ என்றால் பணத்தைக் கையிலேயே வைத்திருங்கள். முதலில் விற்பவர் பெயரில் நகல் ஆர்.சி. வரட்டும்.
* உரிமையாளர் இறந்திருந்தால் வாரிசு பெயருக்கு மாற்றிய பிறகே வாங்குங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

2021 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் விண்டேஜ் வாகனங்களுக்கெனத் தனி விதிகளை அறிவித்தது. முக்கிய அம்சங்கள்:

* முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களுக்குப் பொருந்தும்.
* வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது.
* புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். பதிவு 10 ஆண்டுக்குச் செல்லும்.
* ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பதிவாகும் வண்டியின் எண்ணில் மாநில எழுத்துகளுக்குப் பின் ‘வி.ஏ.’ வரும்.
* தினமும் ஆபீஸுக்கு ஓட்ட முடியாது. கண்காட்சி, விண்டேஜ் பேரணி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம்.

இரண்டாவது அம்சத்தில்தான் ரீல்ஸ் ‘ட்ரையல்ஸ்’ மாட்டிக்கொள்கிறது. பிரேமை வெட்டிய வண்டியை ‘அசல் வடிவம்’ என்று காட்ட முடியாது. விண்டேஜ் பதிவு வேண்டாம் என்று விட்டாலும் தப்பிக்க முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது.

பட்டறையில் எங்கே கை வைக்க வேண்டும்?

*நட்டு, போல்ட்:* பழைய பிரிட்டிஷ் வண்டிகளின் மரை விட்வொர்த், சைக்கிள் த்ரெட் வகை. மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டு முறுக்கினால் நட்டின் முனை மழுங்கிவிடும். முதல் செலவு பெயின்ட்டுக்கு அல்ல, சரியான ஸ்பேனர் செட்டுக்கு.

*மேக்னெட்டோ:* பல போட்டி வண்டிகளில் பேட்டரி கிடையாது, ஸ்பார்க் மேக்னெட்டோவிலிருந்து வரும். காலையில் ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகும் வண்டி, சூடானதும் நின்று அடம்பிடித்தால், காயிலின் பழைய இன்சுலேஷனும் கண்டென்சரும்தான் முதல் சந்தேகம். வாங்கும்போது 20 நிமிடம் ஓட்டி, நிறுத்தி, மறுபடி ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். விற்பவர் முன்கூட்டியே இன்ஜினைச் சூடாக்கி வைத்திருந்தால், குளிர்ந்த பிறகும் ஒருமுறை பாருங்கள்.

*பெட்ரோல்:* இப்போது பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் குழாய், கார்க் சீல், ஃபைபர் டேங்க் எதுவும் இதற்காகச் செய்ததல்ல. எத்தனால் ஈரத்தை இழுப்பதால் நிற்கும் வண்டியின் டேங்க் உள்ளே துருப்பிடிக்கும். எத்தனால் தாங்கும் குழாய்க்கு மாறுங்கள். மாதக்கணக்கில் நிறுத்துவதானால் டேங்கையும் கார்புரேட்டரையும் காலி செய்துவிடுங்கள்.

*பாகங்கள்:* புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் புல்லட் சாமான்களைத் தேடலாம். கிடைக்காத புஷ், ஸ்பிண்டில் போன்றவற்றை அம்பத்தூர் தொழிற்பேட்டை பக்கத்து லேத் பட்டறைகளில் அளவு கொடுத்துக் கடைந்து வாங்கலாம். ஏரியல், கிரீவ்ஸ் பாகங்களுக்கு வெளிநாட்டை நம்ப வேண்டியதுதான். மாற்றிய எந்தப் பழைய பாகத்தையும் காயலான் கடைக்குப் போடாதீர்கள். அசல் வடிவத்துக்கு அதுவே சாட்சி.

வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாமா?

முன்பு 1950-க்கு முன் தயாரான வாகனங்களுக்கு மட்டுமே இந்தச் சலுகை இருந்தது. 2025-ல் அது 50 ஆண்டு கடந்த வாகனங்கள் என்று தளர்ந்தது. சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டுமே, இங்கே மறுவிற்பனை கூடாது. கப்பல் கூலி, சுங்க வரி எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்ட பிறகே அங்கே முன்பணம் கட்டுங்கள்.

அப்போ, எது புத்திசாலித்தனம்?

ட்ரையல்ஸ் தோற்றம்தான் ஆசை என்றால், அதற்கு ஒரு நேர்வழி இருக்கிறது. ஜானி பிரிட்டனின் நினைவாக ராயல் என்ஃபீல்டே 2019-ல் 350, 500 சிசி ‘புல்லட் ட்ரையல்ஸ்’ வண்டிகளை வெளியிட்டது. தூக்கிய சைலன்சரும் ஒற்றை சீட்டும் ஆலையிலேயே வந்தவை, ஆர்.சி.யிலும் பிரச்சினை இல்லை. அவை நிறுத்தப்பட்டுவிட்டாலும் செகண்ட் ஹேண்டில் தேடலாம். தினமும் ஓட்டலாம்.

பழைய வண்டிதான் வேண்டும் என்றால், அதை ஆலையிலிருந்து வந்த கோலத்துக்கே திருப்புங்கள். முள் டயரை எப்போது வேண்டுமானாலும் கழற்றிவிடலாம், வெட்டிய பிரேம் மட்டும் திரும்ப வராது. திருவொற்றியூர் ஆலையின் ஆரம்பகால வண்டிகளை இனி யாரும் புதிதாகச் செய்யப்போவதில்லை.