வழங்கலாமா, வழங்க வேண்டுமா?

மழை பொய்ப்பதும், பெய்தால் ஒரே நாளில் கொட்டித் தீர்ப்பதும் வழக்கமாகி வருகின்றன. சீதோஷ்ண நிலை மாறும்போது முதலில் அடிபடுபவன் குடியானவனே. ஆயினும், அவனுக்குரிய திட்டங்கள் பெரும்பாலும் தலைநகரத்துக் கச்சேரிகளிலேயே தயாராகின்றன. இம்முறை தலைகீழானதென்பது நமது அபிப்பிராயம்.

மகாராஷ்டிரத்தில், முன்பு அஹமதுநகர் என்றும் இப்போது அஹில்யாநகர் என்றும் வழங்கும் ஜில்லாவில் ஹிவரே பஜார் என்றொரு கிராமம் உண்டு. மழை மறைவுப் பிரதேசமாதலால் ஜனங்கள் பிழைப்பைத் தேடி நகரங்களுக்குச் சென்று கொண்டிருந்தனர். 1989-ல் போபட்ராவ் பவார் கிராமத் தலைவரானார். சர்க்காரின் வேலைத் திட்டத்தைக் கொண்டே குன்றுச் சரிவுகளில் நீரைத் தேக்கும் பள்ளங்கள் வெட்டப்பட்டன. மரம் வெட்டுவதையும், பாசனத்திற்கு ஆழ்குழாய்க் கிணறு தோண்டுவதையும் கிராமத்தாரே விலக்கினர். ஆண்டுதோறும் மழையையும் நிலத்தடி நீரையும் கணக்கிட்டு, குடிநீருக்கு முதலில் ஒதுக்கி, மிச்சத்திற்குத் தக்கபடியே பயிரை நிச்சயித்தனர். கரும்புக்கு அங்கே இடமில்லை. வெளியேறிய குடும்பங்கள் பல ஊர் திரும்பின.

பொருளாதார அபிவிருத்திக்கும் சமூக நீதிக்கும் திட்டம் வகுக்கும் அதிகாரத்தைப் பஞ்சாயத்துக்களுக்கு ராஜ்ய சட்டசபைகள் வழங்கலாமென்று அரசியல் சட்டத்தின் 243-ஜி பிரிவு 1993 முதல் கூறுகிறது. ‘வழங்கலாம்’ என்னும் அச்சொல்லிலேதான் சங்கடமெல்லாம் அடங்கியிருக்கிறது!

நிபுணர் கணக்கைக் கற்பிக்கட்டும்; சர்க்கார் பொருள் உதவட்டும்; தீர்மானம் கிராம சபையினுடையதாக இருக்கட்டும். தன் நீரைத் தானே அளக்கும் கிராமம் வறட்சிக்கு எளிதில் தலைவணங்காது. ‘வழங்கலாம்’ என்பதை ‘வழங்கினோம்’ என்று ஆக்க வேண்டியது ராஜ்ய சட்டசபைகளின் கடமையாகும்.