வான்கோழி நூறு கொட்டை, தக்காளி ஒரு கொட்டை

இன்றைய மெக்சிகோ நகருக்குள் அடங்கிவிட்ட ட்லடெலோல்கோவில் 500 ஆண்டுகளுக்கு முன் கூடிய சந்தை, ஸ்பானியத் தளபதி எர்னான் கோர்ட்டெஸை மலைக்க வைத்தது. தினமும் 60,000 பேர் வாங்கவும் விற்கவும் வருவதாக 1520-இல் மன்னருக்கு எழுதினார். எல்லாம் எண்ணியும் முகந்தும்தான் விற்கிறார்கள், எடை போட்டு விற்றுப் பார்க்கவில்லை என்றும் குறித்தார்.

அந்தச் சந்தையின் மொழி நாவாட்ல். அஸ்டெக் மக்கள் பேசிய இம்மொழியை இன்றும் மெக்சிகோவில் 16 லட்சம் பேருக்கு மேல் பேசுகிறார்கள்.

தராசு இல்லாத இடத்தில் கணக்குதான் எல்லாம். நாவாட்லில் எண்ணுவது இருபது இருபதாக. நூறு என்றால் 'மகுயில்போவல்லி', ஐந்து இருபது. எட்டாயிரத்துக்கு 'ஷிகிபில்லி', அதற்குப் பை என்று பொருள். சாக்லேட் செய்யும் ககாவ் கொட்டைதான் அங்கே சில்லறைக் காசு. எட்டாயிரம் கொட்டை ஒரு பை, மூன்று பை ஒரு சுமை. பெரிய தொகைக்கு 'குவாச்ட்லி' என்ற பருத்தித் துணி கைமாறியது.

ட்லாஷ்கலா ஊரில் 1545-இல் நாவாட்லில் எழுதப்பட்ட விலைப்பட்டியல் ஒன்று கிடைத்திருக்கிறது. பெட்டை வான்கோழிக்கு நல்ல கொட்டை 100. சூம்பிய கொட்டையாக இருந்தால் 120. வான்கோழி முட்டைக்கு மூன்று. பெரிய தக்காளிக்கு ஒன்று. அப்போது பறித்த அவகேடோவுக்கு மூன்று கொட்டை, நன்றாகப் பழுத்துவிட்டால் ஒன்றே ஒன்று.

காசு இருந்தால் கள்ளக்காசும் இருக்கும். அவகேடோ கொட்டையைச் செதுக்கியும், மெழுகையும் கீரைவிதை மாவையும் உருட்டியும் போலி ககாவ் செய்த வியாபாரிகளைப் பற்றி, சஹாகுன் என்ற பாதிரியார் 16-ஆம் நூற்றாண்டில் தொகுத்த நூல் விவரிக்கிறது.

விற்பவர்களுக்குப் பெயர் வைப்பது சுலபம். சரக்கின் பெயரோடு 'நமகக்' சேர்த்தால் போதும்: உப்பு விற்றால் 'இஸ்தநமகக்', மக்காச்சோள ரொட்டி விற்றால் 'ட்லாஷ்கல்நமகக்'. தூரதேச வணிகர்கள் மட்டும் தனி இனம், அவர்கள் 'போச்டெகா'. அவர்களில் சிலர் எதிரி நாட்டுக்குள் அந்த ஊர்க்காரர்களைப் போலவே உடுத்தி, அந்த மொழியையே பேசி நுழைவார்கள். சரக்கோடு உளவுச் செய்தியும் திரும்பி வரும்.

மெக்சிகோவின் ஸ்பானிய மொழியில் நாவாட்ல் சொற்கள் பல இன்றும் புழங்குகின்றன. தெருவை அடைத்துக் கூடும் வாரச்சந்தைக்கு 'தியாங்கிஸ்' என்று பெயர், மூலச்சொல் 'தியாங்கிஸ்ட்லி'. அங்கே பழம் அடுக்கி வரும் மரப்பெட்டி 'வகால்', பழைய 'வகல்லி'. சாயத்தைக் குறித்த 'ட்லபல்லி'யிலிருந்து வந்த 'ட்லபலெரியா'வில் பெயின்ட்டோடு ஆணியும் குழாயும்கூட வாங்கலாம்.