உறங்கும் பிள்ளையைக் கடிந்துகொள்ளுமுன்...



ஸுப்ஹுத் தொழுகைக்குப் பின் நான் நடத்தும் பாடவேளையில், பதினான்கு வயது மாணவன் ஒருவன் நாள்தோறும் தூங்கி வழிவான். சோம்பேறி எனக் கடிந்து, ஒருநாள் பாடம் முடியும்வரை அவனை நிற்க வைத்தேன். நின்றவாறே அவன் கண்கள் செருகின. மறுநாள் அவனுடைய உம்மா வந்து, “விளக்கை அணைச்சுப் படுக்க வச்சாலும் பன்னிரண்டு மணிவரைக்கும் புரண்டுக்கிட்டே கிடக்கிறான், ஹஜ்ரத்” என்றார். அச்சொல்லே உறக்கத்தைப் பற்றி என்னைத் தேடிப் படிக்க வைத்தது.

உறங்கியவுடன் உணர்வு முழுவதும் அணைந்துவிடுகிறது என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மை அதுவன்று. சிகாகோ பல்கலைக்கழகத்தில் அஸெரின்ஸ்கி என்னும் ஆய்வு மாணவர், உறங்கும் தம் எட்டு வயது மகனின் கண்ணசைவுகளைக் கருவியால் பதிவு செய்தார். இரவில் சில வேளைகளில் மூடிய இமைகளுக்குள் கண்கள் விரைந்து அசைவதைக் கண்டார். அவரும் அவருடைய ஆசிரியர் கிளைட்மனும் இதனை 1953இல் வெளியிட்டனர். பெரும்பாலான கனவுகள் தோன்றுவது இவ்விரைவிழியசைவு உறக்கத்தில்தான். அப்போது கைகால்கள் தளர்ந்து கிடக்க, மூளையோ விழித்திருப்பதைப் போலவே இயங்குகிறது.

உறக்கம் படிப்படியாக இறங்கி ஏறும் ஒரு பயணம். முதலில் சில நிமிடங்கள் கண்ணயர்வு, அடுத்து மென்துயில், பின்னர் ஆழ்துயில், அதன்பின் கனவுத்துயில். இச்சுற்று ஒன்றுக்கு ஏறத்தாழ 90 நிமிடங்கள் ஆகும். ஓர் இரவில் நான்கைந்து சுற்றுகள் நிகழும். வளர்ச்சிச் சுரப்பு மிகுந்து சுரக்கும் ஆழ்துயில் முன்னிரவில் அதிகம். கனவுத்துயில் பின்னிரவில் அதிகம். நள்ளிரவில் உறங்கி ஸுப்ஹுக்கு எழும் பிள்ளை மூன்று சுற்றுகளையே காண்கிறான். அவன் பெரிதும் இழப்பது கனவுத்துயிலை. கற்றவற்றை நினைவில் நிறுத்த ஆழ்துயில், கனவுத்துயில் இரண்டும் துணை செய்கின்றன என்பதை ஆசிரியர்களாகிய நாம் மறக்கலாகாது.

அவ்வாறாயின், அவன் ஏன் முன்னதாக உறங்குவதில்லை? 1729இல் தெ மைரான் என்னும் பிரெஞ்சு அறிஞர் தொட்டாற்சுருங்கிச் செடியை இருட்டறையில் வைத்தார். வெயில் படாதபோதும் அதன் இலைகள் பகலில் விரிந்து இரவில் மூடின. உயிர்களுக்குள் கடிகாரம் ஒன்று உண்டு என்பதற்கு அது முதற்சான்று. நமக்கு அது மூளையின் அடிப்பகுதியில், ஏறத்தாழ 20,000 நரம்பணுக்களின் தொகுப்பாக அமைந்துள்ளது. கண்வழி வரும் ஒளியே அதனைத் திருத்துகிறது. இருள் சூழ்ந்ததும் அதன் ஆணைப்படி மெலடோனின் சுரந்து, உடலை உறக்கத்திற்கு ஆயத்தமாக்குகிறது. பருவ வயதில் இக்கடிகாரம் இரண்டு மணி நேரம் வரை பிந்துவதுண்டு. ஆதலால் ஒன்பது மணிக்குப் படுத்தாலும் அவ்வயதினருக்கு உறக்கம் எளிதில் வருவதில்லை. 13 முதல் 18 வயது வரையுள்ளோருக்கோ நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை.

இதற்காக ஸுப்ஹைத் தள்ளிப்போட இயலாது. இரவைத்தான் முன்னே கொண்டுவர வேண்டும். இஷாவுக்குப் பின் வீட்டு விளக்குகளைக் குறையுங்கள். கைப்பேசியைப் பிள்ளைகளிடமிருந்து மட்டுமன்றி, உங்கள் கையிலிருந்தும் இறக்கி வையுங்கள். அதன் ஒளி மெலடோனினைத் தடுக்கிறது. பொழுது புலர்ந்ததும் அவர்களைத் திறந்த வெளியில் சற்று நடக்கச் செய்யுங்கள். காலையொளி கடிகாரத்தை முன்னே நகர்த்தும். விடுமுறை நாளில் நண்பகல்வரை உறங்க விடாதீர்கள். அது கடிகாரத்தை மீண்டும் பின்னே தள்ளும். மதியம் இருபது நிமிடக் கைலூலா போதும். நீண்டால் ஆழ்துயிலில் விழுந்து, எழும்போது மந்தம் மிஞ்சும்.

அம்மாணவனை அழைத்து, “உன்னை நிற்க வைத்தது என் பிழை” என்றேன். அவன் நாணித் தலைகுனிந்தான். இன்றும் சில நாள்களில் அவன் கண்ணயர்வதுண்டு. இப்போது நான் அவனைக் கடிந்துகொள்வதில்லை, “நேற்று எத்தனை மணிக்கு உறங்கினாய்?” என்று கேட்கிறேன். உங்கள் இல்லத்திலும் கடிந்துரைக்குமுன் இக்கேள்வி முதலில் எழட்டும்.