கொசுவின் வயிற்றில் குடியிருப்போர்

இரத்தத்தை மட்டுமே உண்டு வாழும் பூச்சிக்கு அது முழு உணவாகாது என்றால் அன்பர்கள் வியப்புறலாம். புரதமும் இரும்பும் அதில் ஏராளம். பி வகை வைட்டமின்களோ மிகக் குறைவு. அக்குறையை நிரப்புபவை பூச்சியின் உடலுக்குள் குடியிருக்கும் நுண்ணுயிர்களே. இரவு வண்டியில் இருக்கை இடுக்கிலிருந்து புறப்பட்டு நம்மை வதைக்கும் மூட்டைப்பூச்சியினுள் வோல்பாக்கியா என்னும் பாக்டீரியா வாழ்கிறது. அதை மருந்தினால் ஒழித்தபோது பூச்சியின் வளர்ச்சியும் முட்டையிடுதலும் குன்றின. இரத்தத்தில் வைட்டமின்களைக் கலந்து ஊட்டியதும் மீண்டும் தேறியது. 2010இல் ஜப்பானிய அறிஞர்கள் இதனை மெய்ப்பித்தனர்.

மூட்டைப்பூச்சி நம் தூக்கத்தைக் கெடுப்பதோடு நின்றுவிடும். கொசுவின் சங்கதி வேறு. மழைக்காலத்தில் தாணேயில் ஒரு வீட்டில் காய்ச்சல் புகுந்தால், நாட்கூலிக்காரருக்கு ஒரு வாரத்துக் கூலி போயிற்று. குழந்தைக்கோ உயிருக்கே ஆபத்து. குழாயில் தண்ணீர் சில மணி நேரமே வருகின்ற இடங்களில், டிரம்மில் பிடித்து வைக்காமல் குடித்தனம் நடத்துவது எங்ஙனம்? கொசுவுக்கு வேண்டியதும் அந்த டிரம்தான்.

பம்பாயில் மலேரியாவைப் பரப்பும் கொசு அனாபிலிஸ் ஸ்டீபென்சி. அதற்கு 1901இல் பெயரிட்டு விவரித்த லிஸ்டன், பிற்காலத்தில் பம்பாயில் பிளேக் ஆராய்ச்சியிலும் ஈடுபட்டவர். நகரத்துக் கிணறுகளிலேயே இக்கொசு பெருகுகிறது என்று 1911இல் பெண்ட்லி அறிக்கை எழுதினார். அதன் பின்னர் பல கிணறுகள் மூடப்பட்டன. கிணற்றை இழந்த கொசு மொட்டைமாடித் தொட்டிக்குக் குடியேறியது; நம்மவரைப் போலவே அதுவும் நகரவாழ்வுக்குப் பழகிக்கொண்டது!

இந்த ஸ்டீபென்சியை ஸ்பெயின் தேசத்து மருந்தாராய்ச்சிச் சாலை ஒன்றில் வளர்த்து வந்தனர். அங்கிருந்த ஒரு கூட்டம் நாளடைவில் மலேரியாக் கிருமியைச் சுமக்கும் ஆற்றலை இழந்துகொண்டே வந்தது. காரணத்தைத் தேடியபோது, கொசுவின் குடலில் டெல்ஃப்டியா என்னும் பாக்டீரியா குடிபுகுந்திருக்கக் கண்டனர். அது சுரக்கும் ஹார்மேன் என்ற பொருள் மலேரியாக் கிருமியை இளம் பருவத்திலேயே தடுத்துவிடுகிறது. கொசுவோ சாவதில்லை, எப்போதும்போல் கடித்துத் திரிகிறது. 2023இல் வெளியான இச்செய்தியில் ஒரு குறையும் உண்டு. தாயிடமிருந்து குஞ்சுக்கு இப்பாக்டீரியா செல்வதில்லை. ஒவ்வொரு தலைமுறைக்கும் புதிதாக ஊட்டவேண்டும்.

பகலில் கடித்து டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டை கொசுவுக்குக் கைகொடுப்பது மேற்சொன்ன வோல்பாக்கியா. இது குடலோடு நில்லாமல் உயிரணுக்களுக்குள்ளேயே வாழ்ந்து, முட்டை வழியாகச் சந்ததிக்கும் செல்கிறது. இதனைத் தாங்கிய ஆண் கொசு, தாங்காத பெண்ணோடு கூடினால் முட்டை பொரிவதில்லை. நம்மவர் பலர் பிழைக்கச் சென்ற இரங்கூனுக்கு அருகில், ஓக்போ என்ற சிற்றூரில், வேற்றூர் ஆண் கொசுக்களை விட்டு அவ்வூர்க் கியூலெக்ஸ் கொசுக்களை ஒழித்துக் காட்டினார் லாவன். அது 1967இல். அதன் மூலகாரணம் இப்பாக்டீரியாவே என்பது சில ஆண்டுகள் கழித்தே தெளிவாயிற்று.

ஏடிஸ் எஜிப்டையில் வோல்பாக்கியா இயற்கையாக இல்லை. பழ ஈயிலிருந்து எடுத்து அதில் ஏற்றினர். ஏற்றியபின் டெங்குக் கிருமி அதனுள் நன்கு பெருகுவதில்லை. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரில் இத்தகைய கொசுக்களை விட்ட பகுதிகளில் டெங்கு 77 விழுக்காடு குறைந்ததாக 2021இல் முடிவு வெளியாயிற்று. புதுச்சேரியில் 1975 முதல் இயங்கிவரும் நோய்க்கடத்தி ஆராய்ச்சி நிலையமும், ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்திலிருந்து முட்டைகளைத் தருவித்து, நம் நாட்டுக் கொசுவோடு இனங்கலந்து, வோல்பாக்கியா தாங்கிய இரு வகைகளை உருவாக்கியுள்ளதாக 2022இல் அறிவித்தது.

“கொசுவை ஒழிக்கச் சொன்னால் கொசுவையே கொண்டுவந்து விடுவதா?” என்று நம் இல்லத்தரசிகள் கேட்பர். கேள்வியில் நியாயம் உண்டு. இம்முறையில் கடிக்கும் பெண் கொசுக்களையும் விடவேண்டியிருக்கிறது. டில்லியில் உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு நடந்த வேறொரு கொசு ஆராய்ச்சி, மக்களிடையே எழுந்த ஐயத்தினால் 1975இல் நின்றுபோனதை இங்கே நினைவுகூரலாம். யோக்யகர்த்தாவில் முட்டைகள் இட்ட சிறு வாளிகளை மக்கள் தம் வீட்டு முற்றங்களில் வைத்துக்கொள்ள இசைந்தனர். முற்றமே இல்லாத நம் சால் வீடுகளில், நடைவழியில் டிரம்முக்குப் பக்கத்தில்தான் அவ்வாளிக்கு இடம் பார்க்கவேண்டியிருக்கும்.