அமிழும் தீவில் ஓர் உயர்நிலைப் பள்ளி

நீங்கள் ரயிலில் சன்னலோரம் அமர்ந்திருக்கிறீர்கள். பக்கத்துத் தண்டவாளத்தில் மற்றொரு ரயில் நிற்கிறது. சட்டென்று அதன் பெட்டிகள் பின்னோக்கி நகர்கின்றன. "நம் வண்டி புறப்பட்டுவிட்டது" என்று மகிழ்கிறீர்கள். மறுபக்கம் திரும்பிப் பார்த்தால் பிளாட்பாரத்துத் தேநீர்க் கடை இருந்த இடத்திலேயே இருக்கிறது! நகர்ந்தது நம் வண்டியன்று; பக்கத்து வண்டி.

இதைத்தான் சார்பு இயக்கம் என்று பாடநூலில் படிக்கிறோம். இதே குழப்பம் ஒரு பள்ளிக்கூடத்தின் எதிர்காலத்தோடு தொடர்புடையது என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா? அந்தப் பள்ளிக்குச் சென்று பார்ப்போம்.

ஊருக்கு ஒரே பள்ளி

அமெரிக்காவின் விர்ஜீனியா மாநிலத்தில், செசபீக் விரிகுடாவின் நடுவே டாஞ்சியர் என்னும் சிறு தீவு உள்ளது. கரையிலுள்ள கிரிஸ்பீல்டு ஊரிலிருந்து ஏறத்தாழ 19 கிலோமீட்டர் படகில் செல்லவேண்டும். பாலம் கிடையாது. தீவு மக்களின் முக்கியத் தொழில் நீல நண்டு பிடிப்பது. 2010-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 727 பேர் இருந்தனர். 2020-இல் 436 பேரே இருந்தனர்.

இங்கே ஓர் அரசுப் பள்ளி இருக்கிறது. மழலை வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை எல்லாம் அதிலேயே. நம் ஊர்ப் பெரிய பள்ளியில் இரண்டு மூன்று பிரிவுகளில் அமரக்கூடிய மாணவர்களே அங்கு மொத்தப் பள்ளியிலும் இருப்பார்கள். இறுதி வகுப்பை முடித்து வெளியேறுவோரை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இவ்வளவு சிறிய பள்ளி எதற்கு என்று கேட்கலாம். பக்கத்தில் சுமித் தீவு என்று ஒன்று உண்டு. அங்கே உயர்நிலை வகுப்புகள் இல்லாமையால், பெரிய பிள்ளைகள் நெடுங்காலமாகப் படகேறிக் கரைக்குச் சென்று படித்து வந்திருக்கிறார்கள். காற்றும் பனியும் மிகுந்த நாளில் அந்தப் பயணம் எப்படியிருக்கும்! பள்ளி உள்ள வரையில்தான் பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் ஒரு தீவில் தங்கும். அவை போய்விட்டால் தீவில் முதியவர்களே மிஞ்சுவர்.

ஆனால் டாஞ்சியர் பள்ளிக்கு வந்துள்ள சோதனை வேறு. அதன் காலடி நிலமே குறைந்து வருகிறது.

கரையும் நிலம்

தீவின் பெரும்பகுதி கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரமே உள்ளது. 1850 முதல் இன்றுவரை இத்தீவுக் கூட்டம் தன் பரப்பில் மூன்றில் இரண்டு பங்கை இழந்துவிட்டதென 2015-இல் வெளியான ஓர் ஆய்வு கூறியது. ஆய்வாளர்கள் அமெரிக்க இராணுவப் பொறியியல் படையைச் சேர்ந்தவர்கள். மக்கள் வாழத்தக்க மேட்டுநிலம் 1967-இல் 32.8 ஹெக்டேர், 2019-இல் 12.5 ஹெக்டேர் என்று 2021-இல் வந்த மற்றோர் ஆய்வு கணக்கிட்டது. மேடு சதுப்பாகிறது, சதுப்பு கடலாகிறது.

காரணம் என்ன? "அலை கரையை அரிக்கிறது" என்கிறார்கள் தீவு மக்களில் பலர். "கடல்மட்டம் உயர்கிறது" என்கிறார்கள் அறிவியலார். யார் சொல்வது சரி? இங்கேதான் நம் ரயில் மீண்டும் வருகிறது.

உயர்வது எது, தாழ்வது எது?

கடல்மட்டத்தை அளக்கத் துறைமுகத் தூண்களில் அளவி பொருத்துவார்கள். தீவுக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தெற்கேயுள்ள நார்போக் துறைமுகத்தில் 1927 முதல் அளந்து வருகிறார்கள். அங்கே கடல் ஆண்டுக்கு ஏறத்தாழ 4.7 மில்லிமீட்டர் உயர்கிறது. ஆனால் இருபதாம் நூற்றாண்டில் உலகக் கடல்களின் சராசரி உயர்வு ஆண்டுக்கு 2 மில்லிமீட்டரைக்கூட எட்டவில்லை. உலகத்திற்கு ஒரு கடல், நார்போக்குக்கு வேறு கடலா?

இல்லை. அளவி நிற்கும் தூண் தரையில் ஊன்றப்பட்டிருக்கிறது. அந்தத் தரையே தாழ்ந்தால், கடல் அசையாமல் இருந்தாலும் அளவி "உயர்வு" என்றே காட்டும். இருந்த இடத்தில் நிற்கும் தேநீர்க் கடையைப்போல் ஒரு சான்று நமக்கு வேண்டும்.

அந்தச் சான்று விண்ணிலிருந்து கிடைத்தது. 1992-இல் ஏவப்பட்ட டோபெக்ஸ்-பொசைடன் செயற்கைக்கோள் கடற்பரப்பை நோக்கி ரேடார் துடிப்புகளை அனுப்பியது; அதன் வழிவந்தவை இன்றும் அனுப்புகின்றன. துடிப்பு திரும்பிவர ஆகும் நேரத்தை ஒளியின் திசைவேகத்தால் பெருக்கி இரண்டால் வகுத்தால் தொலைவு கிடைக்கும். பூமியின் மையத்திலிருந்து கடலின் உயரத்தை இதன்மூலம் கணக்கிடலாம். தரை தாழ்வதை ஜி.பி.எஸ். கருவிகள் தனியே அளக்கின்றன. முடிவு என்ன? கடலும் உயர்கிறது, நிலமும் தாழ்கிறது. இரண்டும் கூடியதையே அளவி காட்டுகிறது.

பனி அழுத்திய பூமி

நிலம் ஏன் தாழ்கிறது? காற்று சற்றுக் குறைந்த பலூன் ஒன்றின் நடுவே கட்டைவிரலால் அழுத்துங்கள். விரலடியில் பள்ளம் விழுகிறது. சுற்றிலும் மேடு எழுகிறது. விரலை எடுத்தால் பள்ளம் நிமிரும், மேடு தணியும்.

ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் வட அமெரிக்காவை அழுத்தியிருந்தது ஒரு மாபெரும் பனிப்பாளம். அதன் தடிமன் சில இடங்களில் 3 கிலோமீட்டர்! அதன் அடியில் நிலம் பள்ளமாயிற்று. பாளத்திற்குத் தெற்கே இருந்த செசபீக் பகுதி மேடாக எழுந்தது. பிறகு பனி உருகியது. ஆனால் பூமியின் உட்பாறை பலூனைப் போன்றதன்று. மிகமிகக் கெட்டியான பாகைப்போல் நகர்வது. எனவே கனடாவின் அட்சன் விரிகுடாப் பகுதி இன்னமும் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் எழுந்துகொண்டிருக்கிறது; செசபீக் தாழ்ந்துகொண்டிருக்கிறது. இந்த வட்டாரத்தில் சில இடங்களில் நிலத்தடி நீரை மிகுதியாக இறைப்பதும் தரையை இறக்குகிறது.

கடல் உயர்வதற்கும் காரணங்கள் உண்டு. நிலத்தின்மேல் உள்ள பனி உருகிக் கடலில் சேர்கிறது. மேலும், வெப்பத்தால் நீர் விரிகிறது. 15 டிகிரி வெப்பமுள்ள கடல்நீர் ஒரு டிகிரி கூடினால் ஏறத்தாழ பத்தாயிரத்தில் 2 பங்கு விரியும். 1,000 மீட்டர் ஆழமுள்ள நீர் முழுவதும் அவ்வாறு சூடானால் மட்டம் 20 சென்டிமீட்டர் உயரும். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இருவர் சொல்வதும் உண்மை

அப்படியானால் தீவு மக்கள் சொல்லும் அலையரிப்பு பொய்யா? இல்லை. அலையின் ஆற்றல் அதன் உயரத்தின் வர்க்கத்திற்கு நேர்விகிதத்தில் உள்ளது. உயரம் இரு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்கு. கரையோர நீர் ஆழமாக ஆக, பெரிய அலைகள் உடையாமல் நிலம்வரை வந்து மோதும். கடல்மட்டம் உயர்வதே அரிப்புக்கு வலிமை சேர்க்கிறது. கண்ணுக்குத் தெரிவது அரிப்பு. அதன் பின்னால் மெல்ல நடப்பது மட்டத்தின் உயர்வு. 1980-களின் இறுதியில் மேற்குக் கரையில் கட்டிய கல்லரண் அங்கே அரிப்பைத் தடுத்தது. ஆனால் மட்டம் உயர்வதைக் கல்லரண் தடுக்காது.

நார்போக்கின் வேகமே தீவிலும் இருப்பதாகக் கொள்வோம். மழலை வகுப்பில் சேரும் குழந்தை 13 ஆண்டுகளில் பள்ளியை முடிக்கிறது. அதற்குள் கடல் ஏறுவது 13 × 4.7, அதாவது ஏறத்தாழ 61 மில்லிமீட்டர். இது நம் சுண்டுவிரல் நீளம்தான். ஆனால் ஆயிரத்துக்கு ஒன்று என்னும் சரிவுள்ள தட்டை நிலத்தில் அந்த 61 மில்லிமீட்டர், 61 மீட்டர் தூரம் நீரை உள்ளே கொண்டுவரும்!

தீவைக் காப்பதா, மக்களைக் கரைக்கு மாற்றுவதா என்பதை இயற்பியல் முடிவு செய்யாது. அது மக்களும் அரசும் முடிவு செய்யவேண்டியது. எவ்வளவு காலம் இருக்கிறது என்பதை மட்டும் இயற்பியல் சொல்லும். அந்தப் பள்ளியின் மாணவர்களுக்கு இந்தக் கணக்கு வெறும் தேர்வுக் கணக்கன்று. அவர்கள் வீட்டு வாசலின் கணக்கு.

இனி உங்களுக்கு ஒரு வேலை. இரண்டு கண்ணாடித் தம்ளர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் நீரூற்றிப் பனிக்கட்டியை மிதக்கவிடுங்கள். மற்றொன்றில் நீர்மட்டத்திற்கு மேலே தலை நீட்டும் ஒரு கல்லை வைத்து அதன்மேல் பனிக்கட்டியை வையுங்கள். இரண்டிலும் நீர்மட்டத்தைக் கோடிட்டுக் குறியுங்கள். பனி முழுதும் உருகிய பின் எந்தத் தம்ளரில் நீர் கோட்டைத் தாண்டுகிறது? ஏன்? ஆர்க்கிமிடிஸ் தத்துவத்தைக் கொண்டு விடை எழுதிப் பாருங்கள்.